பாராட்டுப் பெற்ற நோய்

என் தங்கை ரஞ்சினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்ட பிறகும் அவள் தட்டத்தைப் பிடித்தபடியே நின்றாள்.

வெறும் தட்டம். அதில் சிந்திய தேநீர் ஒரு மூலையில் தேங்கி, ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் தாயார் ஊதி ஊதிக் குடித்து முடித்தார். ரோல்ஸ் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டார். இன்னொன்றை எடுத்தார். ரஞ்சினியின் முழங்கைகள் அதே உயரத்தில் நின்றன. பார்வை, பலகாரம் வைத்திருந்த சின்ன மேசையின் விளிம்பை விட்டு நகரவில்லை.

“இந்தக் காலத்தில இப்பிடியும் ஒரு பிள்ளையோ!” என்றார் அந்த அம்மையார். “பெரியாக்கள் சொல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்காது போல கிடக்கு.”

“சின்னனில இருந்தே அப்பிடித்தான்” என்றார் என் அம்மா.

அது பொய். கலியாண வீடுகளில் சொல்லப்படும் பொய்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனாலும் அது என் தங்கையின் உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது.

தேதி விடயத்தில் நான் கறாரானவன் என்பது இத்தொடரை வாசிப்பவர்களுக்குத் தெரியும். இந்த முறை மட்டும் மன்னிக்க வேண்டும். இதில் வருகிறவர்கள் சிலர் இன்னும் எங்கள் உறவு வட்டத்தில் நடமாடுகிறார்கள். தமிழர் வீடுகளை எரித்த பெரிய கலவரம் முடிந்த மறு ஆண்டு, தைக்கும் சித்திரைக்கும் இடையில், வெயில் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முந்தைய ரஞ்சினி

அப்பா தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிக் கண்டிக்கு வந்தவர், இந்த நகரத்தின் குளிருக்குப் பழகி இங்கேயே தங்கிவிட்டார். கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து மேலே ஏறும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு.

ரஞ்சினி என்னை விட நான்கு வயது இளையவள். அவளுக்குக் குக்கர் சத்தம் ஆகாது. நைலோன் துணி ஆகாது. பின்னேரமானால் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடப்பாள், எப்போதும் இடப்பக்கமாக, விரல்களை ஈரம் உதறுவதுபோல உதறிக்கொண்டு. வீட்டுக்கு வருகிற யாரையும் விடமாட்டாள்.

“உங்கட வீட்டில எத்தினை கதவு? எது உள்ளுக்குத் துறக்கும், எது வெளியில துறக்கும்?”

முதல் முறை வந்தவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அடுத்த முறை வரும்போது போன முறை சொன்ன கணக்குத் தப்பு என்று அவள் பிடித்துவிடுவாள். மூன்றாம் முறை பெரும்பாலும் வரமாட்டார்கள்.

இதற்கெல்லாம் அப்போது எங்களிடம் ஒரு பெயர் இருக்கவில்லை. சொந்தக்காரர் “ஒரு மாதிரி” என்றார்கள். அம்மாவோ, யாராவது படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் அவளைப் பின்னறைக்கு அனுப்பிவிடுவார். அங்கிருந்தும் கேள்வி வரும். அவள் குரல் அப்படி. சுவர்களைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை.

மடவளையில் ஒரு களஞ்சிய அறை

கலவரம் கண்டிக்கு வந்த அன்று, அப்பாவுக்குப் பழக்கமான துணி வியாபாரி ஒருவர் தன் வான் வண்டியில் எங்களைத் துணிக்கட்டுகளுக்கு நடுவே இருத்தி, முஸ்லிம்கள் வாழும் பக்கத்து ஊரான மடவளைக்குக் கொண்டுபோனார். எல்லோரும் அவரை ஹாஜியார் என்பார்கள். அவர் வீட்டுப் பின்பக்கம் ஒரு களஞ்சிய அறை. புதுத்துணிக் கஞ்சி வாசமும் கராம்பு வாசமும் கலந்து மூக்கில் ஏறும். ஹாஜியாரின் மனைவி கதவைச் சாத்தும்போது ரஞ்சினியின் தலையைத் தடவி, “மகள், ஒரு சத்தமும் வரப்படாது. ஆடாம அசையாம இரிங்க. அல்லாஹ் பாத்துக்கொள்வான்” என்றார்.

அம்மாவுக்கு வெளியிலிருந்த கும்பலை விட உள்ளேயிருந்த மகள்தான் பெரிய பயம். “அசையாத” என்று சொல்லிச் சொல்லி, அவள் வாயைப் பொத்தத் தன் முந்தானையைச் சுருட்டிக் கையில் தயாராக வைத்திருந்தார். வீதியில் லொறிகள் வந்து நின்று கூச்சல் எழுந்தபோது ரஞ்சினி கதவைப் பற்றிக் கேட்கவில்லை. முழங்காலில் நாடியை ஊன்றியபடி இருந்தாள். இமை கூட அசையவில்லை.

“என்ர பிள்ளை எங்கள் எல்லாரையும் காப்பாத்திப்போட்டுது” என்று அம்மா அன்று அழுதார். ரஞ்சினி தன் வாழ்நாளில் பெற்ற முதல் பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்தபோது வீடு தப்பியிருந்தது. கதவுகள் தப்பவில்லை. முன்கதவும் பின்கதவும் கரிக்கட்டையாய்க் கிடந்தன. ரஞ்சினி ஒன்றும் கேட்கவில்லை. கதவில்லாத வாசல் நிலையில் ஒரு காலை உள்ளே வைத்து, மறு காலை வெளியே வைத்து, அப்படியே நின்றாள். கைபிடித்து உள்ளே கூட்டிப்போனோம்.

அதன் பிறகு அவள் மெல்ல மெல்ல நின்றுபோனாள். வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. மத்தியானச் சோறு தேநீர் நேரம் வரை நீண்டது. பிசைந்த சோறு வாய்க்கும் சோற்றுத் தட்டுக்கும் நடுவில் விரல்களிலேயே காய்ந்தது. நாங்கள் சொன்ன கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொன்னாள். பிறகு அதுவும் இல்லை. மேசையைச் சுற்றிய நடை போயிற்று. உட்கார வைத்தால் உட்கார்ந்தாள், நிறுத்தினால் நின்றாள்.

வீடு முழுக்கச் சந்தோஷம்.

“பிள்ளை திருந்தியிட்டாள்” என்றார்கள் சொந்தக்காரர். சனி விலகிவிட்டது என்றார் சாத்திரியார். மெலிந்துபோகிறாளே என்று அப்பா கூட்டிப்போன ஒரு தனியார் வைத்தியர், கலவரப் பயம் என்று சொல்லி மனதை அடக்கும் குளிசை கொடுத்தார். அதைக் குடித்த பிறகு அவள் இன்னும் இறுகினாள். மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் எண்ணினோம். முன்பு அவளுக்குச் சேலை கட்ட இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இப்போது அம்மா ஒருவரே பொம்மைக்குக் கட்டுவதுபோலக் கட்டி முடித்தார்.

பழைய மரியாதை ஒன்று

கொஞ்சம் விலகிப் போகிறேன். கண்டி அரசர்களின் சபைக்கு வந்த வெளிநாட்டுத் தூதர்கள் எழுதி வைத்ததை வாசித்திருக்கிறேன். திரை விலகியதும் மண்டியிட வேண்டும். பேச்சு முடியும்வரை முழங்கால் வலித்தாலும் எழ முடியாது. சபையோரும் அசையமாட்டார்கள். ஆடாமல் அசையாமல் இருப்பவனே பண்பாளன் என்று இந்த மலை நகரம் நெடுங்காலம் நம்பியிருந்தது.

எங்கள் காலத்தில் அந்த மரியாதையைத் தமிழர்கள் பேருந்தில் கடைப்பிடித்தோம். வாய் திறக்கமாட்டோம். பக்கத்திலிருப்பவர் காலை மிதித்தாலும் தாய்மொழியில் “ஐயோ” என்று வராமல் பார்த்துக்கொள்வோம். பொட்டை அழித்துவிட்டு ஏறிய பெண்கள் இறங்கும்வரை சன்னலையே பார்த்திருப்பார்கள். எல்லோரும் இறுகியிருந்த ஊரில் ஒருத்தி கூடுதலாக இறுகிப்போனதை யார் கவனிப்பார்கள்?

இரு பக்கத்து மறைப்பு

அந்த வேளையில்தான் கலியாணத் தரகர் வந்தார். ரஞ்சினியைப் பார்த்து அசந்துபோனார். அவர் கையில் ஒரு டொக்டர் மாப்பிள்ளை இருந்தார், பெயர் சிவநேசன். தங்கைகளைக் கரைசேர்த்ததில் வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. தாயாருக்கு ஒரேயொரு நிபந்தனை: மருமகள் வாய் காட்டக்கூடாது. மூத்த மருமகள் காட்டிய வாயில் அவர் பட்ட பாடு போதும்.

“என்ன டொக்டர்?” என்று அப்பா கேட்டார்.

“பெரியாஸ்பத்திரியில. நரம்பு சம்பந்தமான டொக்டர்” என்றார் தரகர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பிள்ளை ஒரு காலத்தில் எப்படி இருந்தாள் என்பதை நாங்கள் மறைத்தோம். மாப்பிள்ளைக்கு எந்த வாட்டில் வேலை என்பதை அவர்கள் மறைத்தார்கள். உண்மை பேசியிருந்தால் இரு குடும்பமும் சந்தித்தே இருக்காது. அந்த விதத்தில் பொய்க்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளை கையைத் தொட்டார்

ஆக, தட்டம். ஈ. ரோல்ஸ்.

சிவநேசன் தன் ரோல்ஸைத் தொடவில்லை. ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. பெண்ணைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அம்மாவுக்கு முதலில் அது சந்தோஷமாக இருந்தது. போகப் போக மனம் அந்தரப்பட்டது. பெண் பார்க்க வந்தவர் பார்க்கும் பார்வையாக அது இல்லை. கூரை ஒழுக்கைத் தேடுகிறவர் அப்படிப் பார்ப்பார்.

“தட்டத்தைக் கீழ வையுங்கோ” என்றார் அவளிடம்.

அவள் வைக்கவில்லை. அவர் எழுந்து போய்த் தட்டத்தை வாங்கினார். தட்டம் வந்தது. கைகள் அங்கேயே நின்றன, எதையோ இன்னும் ஏந்தியபடி. பிறகு, எங்கள் இரு வீட்டாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய வலது மணிக்கட்டை மெல்லப் பிடித்துத் தோளுக்கு மேலே உயர்த்தி விட்டுவிட்டார்.

கை விழவில்லை. கும்பிடப் போய் நடுவில் மறந்ததுபோல அந்தரத்தில் நின்றது.

“டேய் நேசன்!” என்று அவர் தாயார் அலறினார். “தாலி கட்ட முதல் பிள்ளையைத் தொடுறியேடா!”

சிவநேசன் என் அம்மாவின் பக்கம் திரும்பினார். “எவ்வளவு காலமா இப்பிடி?”

“சொன்னனே தம்பி, பிறந்ததில இருந்தே அமைதி.”

“அப்பிடியெண்டா நான் பயப்பிட ஒண்டுமில்லை அம்மா. சிலர் பிறப்பிலேயே பேச்சுக் குறைவு. ஆனா முந்தி கதைச்சு, ஓடித் திரிஞ்ச பிள்ளை இப்பிடி ஆனதெண்டா இது ஆபத்தான வருத்தம். தண்ணி இறங்காமல் போகும். காய்ச்சல் வந்தால் பிறகு என்ர கையிலயும் ஒண்டும் இல்லை. எது உண்மையெண்டு நீங்கள்தான் சொல்லவேணும்.”

தரகர் என் காதில் மெதுவாக, “சீதனத்தை ஏத்தப் பாக்கினம். விட்டுக்குடாதேங்கோ” என்றார். அனுபவசாலி. அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், குரல் மாறியது.

“தம்பி உண்மையில எந்த வாட்டில வேலை?”

“மனநோய் வாட்டில.”

“ஐயோ, நரம்பெண்டு சொல்லச் சொன்னனான்தானே!” என்று அவர் தாயார் தலையில் கைவைத்தார்.

ரஞ்சினியின் கை இன்னும் மேலேதான் இருந்தது. அப்போது, அதுவரை மாப்பிள்ளை வீட்டாரிடம் மழையைப் பற்றி மட்டுமே கதைத்திருந்த அப்பா எழுந்தார்.

“அவள் கதைப்பாள்” என்றார்.

“இஞ்சருங்கோ...” என்றார் அம்மா.

“நல்லாக் கதைப்பாள் தம்பி. வாய் மூடாது. இந்த மேசையைச் சுத்திச் சுத்தி நடந்து சீமெந்தே தேஞ்சு கிடக்கு, குனிஞ்சு பாருங்கோ. வாறவை எல்லாரிட்டையும் வீட்டில எத்தினை கதவெண்டு கேப்பாள். எங்கட ஐயர் மந்திரத்தைப் பாதியில விழுங்கிப்போட்டார் எண்டு கோயில்ல வைச்சு முகத்துக்கு நேரே சொன்னவள். அண்டைக்கு நான் வெக்கத்தில ஓடி வந்தனான். அவள் சொன்னது சரி. அவர் விழுங்கினவர்தான்.”

“இஞ்சருங்கோ, போதும்” என்று அம்மா அழத் தொடங்கினார்.

“போதாது. சொல்லுங்கோ ஐயா” என்றார் சிவநேசன்.

அப்பா சொன்னார். நைலோன் துணியைச் சொன்னார். குக்கரைச் சொன்னார். விரல் உதறுவதைத் தன் கையால் செய்து காட்டினார். பெண் பார்க்கும் கூடத்தில் பெண்ணைப் பெற்றவர் மகளின் குறைகளை இவ்வளவு பெருமையாக எடுத்துச் சொன்னதை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. கடைசியில் மூச்சு வாங்கி, “கலவரத்துக்குப் பிறகு எல்லாம் நிண்டுபோச்சுது. நாங்கள் சந்தோஷப்பட்டிட்டம்” என்றார்.

“நீங்கள் முதல் சொன்னதெல்லாம் அவவின்ர குணம் ஐயா. அப்பிடிப் பிறக்கிற ஆக்கள் இருக்கினம், அதுக்கு மருந்து தேவையில்லை” என்றார் சிவநேசன். “இது வேற. இது வருத்தம். இதுக்கு மருந்து இருக்கு. எழும்புங்கோ, கார் வாசலில நிக்குது.”

தூக்க மருந்தால் எழுப்புதல்

மாப்பிள்ளை வீட்டார் வந்த வாடகைக் காரில் மணப்பெண் அலங்காரத்தோடு ரஞ்சினி ஆஸ்பத்திரிக்குப் போனாள். முன் இருக்கையில் மாப்பிள்ளையின் தாயார். வீடு திரும்ப அவருக்கும் வேறு வாகனம் இல்லை. சோதனைச்சாவடியில் காரை நிறுத்திய சிப்பாய் பட்டுச்சேலையைப் பார்த்துவிட்டுக் கலியாண வீடு என்று எண்ணிச் சிரித்துக் கையசைத்தான். நாங்களும் சிரித்தோம்.

வாட்டில் சிவநேசன் ஏற்றப்போகும் மருந்து என்னவென்று அப்பா கேட்டார். பதற்றக்காரரைத் தூங்க வைக்கிற மருந்து என்றார்.

“தூங்கிற மாதிரிக் கிடக்கிற பிள்ளைக்கு ஏன் தம்பி தூக்க மருந்து?” என்றார் அம்மா.

“அவ தூங்கேல்லை அம்மா. இறுகிப்போய் நிக்கிறா. காருக்கு பிறேக் பிடிச்சுக்கொண்டு நிண்டா, தள்ளி என்ன பிரயோசனம்? பிறேக்கை விடுவிக்கவேணும்.”

பழைய குளிசையை உடனே நிறுத்தச் சொன்னார். இந்த நிலையில் அது இறுக்கத்தைக் கூட்டுமாம். ஊசியை மிக மெதுவாக ஏற்றினார். காத்திருந்தோம். வாட்டுக்கு வெளியே யாரோ வாளி கழுவும் சத்தம். முதலில் ரஞ்சினி எச்சில் விழுங்கினாள். பிறகு இமைத்தாள். உயர்ந்திருந்த கை தானாக மடியில் இறங்கியது. அம்மா அவள் கன்னத்தைத் தொட்டார்.

“உங்கட கை வெங்காயம் மணக்குது. தள்ளி நில்லுங்கோ” என்றாள் என் தங்கை.

அம்மா தள்ளி நின்று, தன் கையைத் தானே மணந்து பார்த்து, விம்மி விம்மி அழுதார். காலையில் ரோல்ஸுக்கு வெங்காயம் வெட்டிய கை அது.

கதைகளில் இந்த இடத்தில் முற்றும் போடுவார்கள். ரஞ்சினி அன்று பொழுதுபடும்போது மறுபடியும் இறுகிப்போனாள். அதே மருந்தைக் குளிசையாகக் கொடுத்தார்கள், அளவைக் கூட்டிக்கொண்டே. சாதாரண ஆளைச் சாய்த்துவிடக்கூடிய அளவு. அவளோ தூங்கவில்லை, கொஞ்சம் நடந்தாள், வாசல்களில் மட்டும் நின்றுபோனாள். ஒரு கிழமை முன்னேற்றம், மறு கிழமை பின்னடைவு. தண்ணீர் மீண்டும் இறங்காமல் போனபோது சிவநேசன் எங்களை அழைத்து, கரண்ட் வைக்க வேண்டும் என்றார்.

அந்த ஆண்டுகளில் எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லைத் தாழ்ந்த குரலில்தான் உச்சரிப்போம். இராணுவம் பிடித்துக்கொண்டுபோன பொடியன்கள் திரும்பி வந்து, வந்தால், அதைப் பற்றிச் சொன்னார்கள்.

“முகாமில செய்யிறதை ஆஸ்பத்திரியிலயும் செய்வினமோ?” என்றார் அம்மா.

“அங்க முழிச்சிருக்கிறவனுக்கு அம்மா. கதைக்க வைக்கிறதுக்கு. இஞ்ச மயக்க மருந்து குடுத்து, நோகாமல்...” சிவநேசன் நிறுத்தினார். “இஞ்சயும் கதைக்க வைக்கத்தான்.” சொன்ன பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்பா சம்மதித்தார். சில தடவைகள் வைத்தார்கள். ஒரு காலை நாங்கள் போனபோது ரஞ்சினி வாட்டுத் தாழ்வாரத்துத் தூணைச் சுற்றி இடப்பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். விரல்கள் உதறின. தாதி அவளைக் கட்டிலில் இருக்கச் சொல்லி அதட்டினார். அப்பா அந்தத் தாதியைக் கும்பிட்டு, “நடக்கட்டும் நேர்ஸ், நடக்கட்டும்” என்றார்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்

இதற்கிடையில் சம்பந்தத்தைக் கைவிடாத ஒரே ஆள் மாப்பிள்ளையின் தாயார்தான். வருத்தம் என்றால் மாறும், அடக்கம் போகாது என்பது அவர் கணக்கு. ஒரு நாள் சூப்போடு வந்தார்.

“என்னைத் தெரியுதோ பிள்ளை?”

“தெரியும். நீங்கள் நாலு ரோல்ஸ் சாப்பிட்டனீங்கள். மூண்டாவதை எடுக்கேக்க ஆரும் பாக்கினமோ எண்டு பாத்தனீங்கள். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

அம்மையாரின் முகம் போன போக்கை விடுங்கள். எங்கள் முகம்தான் முதலில் வெளிறியது. அப்படியென்றால் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு எதிரேயே அவளைப் பற்றி நாங்கள் கதைத்ததை எல்லாம். அடுத்த இரண்டு நாள் எங்கள் வீட்டில் மற்ற எல்லோரும் மிக அடக்கமாக இருந்தோம்.

கையை ஏன் இறக்கவில்லை என்று நான் ஒரு முறை கேட்டேன். “இறக்கவேணும் எண்டு தெரியும். கை கேக்கேல்லை” என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, “மடவளையில அசையாத எண்டு சொன்னனீங்கள். பிறகு அசையலாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை” என்றாள்.

வருத்தம் அப்படி ஒரு சொல்லில் வருவதில்லை என்று சிவநேசன் அம்மாவுக்குப் பல முறை விளக்கினார். அம்மா தலையாட்டிக் கேட்டார். நம்பினார் என்று நினைக்கவில்லை.

வெளியே விட்ட அன்று

வீட்டுக்கு அனுப்பும்போது சிவநேசன் குளிசைகளை மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும் என்றார். எதைக் கவனிக்க வேண்டும் என்று அப்பா கேட்டார். சாப்பாடு நீண்டால், வாசலில் நின்றால், சொன்னதைத் திருப்பிச் சொன்னால் என்று அடுக்கிவிட்டு, கொஞ்சம் யோசித்து, “ஆராவது இவவைப் புகழத் தொடங்கினால் ஒரு நாளும் சுணங்காமல் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றார். முகத்தில் சிரிப்பில்லை. இன்று வரை எங்கள் குடும்பத்தில் நாங்கள் பின்பற்றும் மருத்துவ ஆலோசனை அது.

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். புதிதாகப் போட்ட முன்கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

“அவை வேண்டாமெண்டிட்டினம்” என்றார். “தாய்க்காரிக்குத்தான் சரியான கவலை. எவ்வளவு அருமையா இருந்த பிள்ளை, ஆஸ்பத்திரியில மருந்து குடுத்துக் கெடுத்துப்போட்டினமாம்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு முன்பென்றால், சம்பந்தம் தப்பிய கவலையில் அவர் அன்று சமைத்திருக்கமாட்டார்.

உள்ளே மேசையைச் சுற்றிய காலடிச் சத்தம் நின்றது. ரஞ்சினி கூடத்துக்கு வந்தாள். வழமையாகப் பின்னறைக்குப் போகும் நேரம் அது. இந்த முறை யாரும் அவளை அனுப்பவில்லை.

“எனக்கும் அவையை வேண்டாம்” என்றாள் தரகரிடம். “அந்த மாமி சூப்புக்கு உப்புப் போடேல்லை.”

தரகர் காதுக்குப் பின்னால் கையை மடித்துக்கொண்டு, “என்ன சொல்லுறா பிள்ளை?” என்றார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னைக் கையால் தடுத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

“இன்னும் பலத்துச் சொல்லு ரஞ்சி” என்றார். “அவருக்குக் கேக்கேல்லையாம்.”